ஒதுக்குபவர் வேறு, திறப்பவர் வேறு

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மாங்கூழ் ஆலை ஒன்றின் கிடங்கை எடுத்துக்கொள்வோம். சீசனில் லாரி லாரியாக வந்து இறங்கும் பெங்களூரா மாங்காய் கூழாகி, பீப்பாய்களில் அடைபட்டு, ஏற்றுமதிக்கு ஆள் வரும்வரை மாதக்கணக்கில் அங்கே காத்திருக்கிறது. எந்தப் பீப்பாய்க்கு எந்த அறை என்று சீட்டு எழுதிக் கொடுக்க ஒருவர் இருக்கிறார். நாளையிலிருந்து அவர் வேலைக்கு வேண்டாம் என்று முதலாளி முடிவு செய்தால், உள்ளே இருக்கிற சரக்கு என்ன ஆகும்?

சரக்கு எங்கே போய்விடும், அங்கேயேதான் இருக்கும் என்று உடனே சொல்லத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். அறைச் சாவி யாரிடம் இருந்தது? சீட்டு எழுதியவரிடமா, வாசலில் இருக்கும் காவல்காரரிடமா? சீட்டைத் திருப்பிக் கொடுத்தவுடன் அறையைக் காலி செய்துவிட வேண்டும் என்று சீட்டு எழுதியவருக்கு நிரந்தர உத்தரவு ஏதும் இருந்ததா? இந்த இரண்டு கேள்விக்கும் விடை தெரியாமல் அவரை அனுப்பக்கூடாது.

கணினிக் கொத்துகளில் உள்ளமைந்த சேமிப்பு இயக்கியை நிறுத்தும்போது எழுவதும் இதே கேள்விதான். சாமல்பட்டியில் ரயில் ஏறி ஜோலார்பேட்டை வழியாக பெங்களூருவுக்கு வேலைக்குப் போகிற இளைஞர்களில் பலருக்கு இது அன்றாட அலுவல். போச்சம்பள்ளி, பர்கூர், ஓசூர் சிப்காட்களின் ஆலைகளில் எந்திரங்களும் உணரிகளும் தரவைக் கொட்டிக்கொண்டே இருக்க, அதைச் சேமிப்பது இனி பெங்களூருக்காரர் கவலை மட்டுமாக இருக்காது. இணைய இணைப்பு அறுந்தாலும் உற்பத்தி நிற்கக்கூடாது என்பதால், ஆலைக்குள்ளேயே சிறிய கணினிக் கொத்து வைத்துக்கொள்ளும் வழக்கம் உலகெங்கும் பரவுகிறது. அதனால் இந்தப் பாடம் கணினி வல்லுநர்களுக்கு மட்டுமானதாக எனக்குத் தோன்றவில்லை. தரவை நம்பித் தொழில் நடத்துகிற எவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் அடிப்படைச் சொற்கள். ஒரு நிரலையும் அது ஓடுவதற்குத் தேவையான துணைக் கோப்புகளையும் ஒரே பொதியாகக் கட்டி, எந்தக் கணினியில் இறக்கினாலும் ஒரே மாதிரி ஓடும்படி செய்தால் அதற்குக் கண்டெய்னர் என்று பெயர். கொள்கலன் என்றும் எழுதுகிறார்கள். பல கணினிகளைச் சேர்த்து, அவற்றின் மேல் இந்தப் பொதிகளைப் பரப்பி ஓட்டினால் அது கிளஸ்டர், அதாவது கொத்து. கொத்தில் உள்ள ஒவ்வொரு கணினியும் ஒரு கணு. எந்தப் பொதி எந்தக் கணுவில் ஓட வேண்டும், ஒன்று செத்தால் இன்னொன்றை எங்கே எழுப்ப வேண்டும் என்பதைப் பார்த்துக்கொள்ளும் மென்பொருள்களில் இன்று பரவலாக இருப்பது குபர்நெட்டிஸ். கூகுள் அதை 2014-ல் வெளியிட்டது. குபர்நெட்டிஸில் கண்டெய்னர்கள் ‘பாட்’ என்ற அலகுக்குள் ஓடுகின்றன.

பாட் நிலையற்றது. இந்த நிமிடம் ஒரு கணுவில் ஓடும். அது பழுதானால் அடுத்த நிமிடம் வேறொன்றில் புதிதாகப் பிறக்கும். பிறக்கும்போது பழைய நினைவு எதுவும் இருக்காது. பாட்டுக்குள்ளேயே எழுதிவைத்த கோப்புகள் அதோடு அழிந்துபோகும். எனவே தரவுத்தளம் போன்ற ஒன்றை ஓட்ட வேண்டுமானால், பாட்டுக்கு வெளியே நிலையான சேமிப்பிடம் வேண்டும்.

அந்த இடத்தைப் பெறும் முறையில்தான் நம் கிடங்கு வருகிறது. பாட் நேராகப் போய் வட்டைத் தொடாது. ‘எனக்குப் பத்து ஜிபி இடம் வேண்டும்’ என்று கோரிக்கைச் சீட்டு ஒன்றை நீட்டும். துறைக்காரர்கள் இதை பிவிசி என்பார்கள். எந்த வகைக் கிடங்கு என்பதும் சீட்டில் இருக்கும். அதற்குச் சேமிப்பு வகை, ஸ்டோரேஜ் கிளாஸ் என்று பெயர். வகை எழுதாமல் வரும் சீட்டுகளுக்கு இயல்பு வகை ஒன்று உண்டு. சீட்டைப் பார்த்து இடம் பிரித்து, பதிவேட்டில் எழுதிவைக்கும் நிரலை ஒதுக்குபவர் என்று அழைப்போம். ஆங்கில வழக்கில் புரொவிஷனர். அவர் எழுதும் ஒதுக்கீட்டுப் பதிவுக்கு பிவி என்று பெயர். கடைசியாக, ஒவ்வொரு கணுவிலும் குபெலெட் என்ற காவல்காரர் இருக்கிறார். பாட் வந்து நின்றதும் ஒதுக்கிய இடத்தைத் திறந்து அதனோடு இணைத்துவிடுவது, அதாவது மவுண்ட் செய்வது, அவர் பொறுப்பு.

சேமிப்பு இயக்கி, ஸ்டோரேஜ் டிரைவர் என்று ஒரே பெயரில் பேசினாலும், அதற்குள் ஒதுக்குவது, திறப்பது என இரண்டு வேலைகள் இருக்கின்றன. சில இயக்கிகள் இரண்டையும் செய்கின்றன. சில ஒன்றை மட்டும். ‘இயக்கியை நிறுத்துகிறோம்’ என்ற வாக்கியத்தில் எதை நிறுத்துகிறோம் என்பது தெரிவதில்லை. ஆபத்து தொடங்குவது இங்கேதான்.

சிறிய கொத்துகளில் அதிகம் காணப்படும் ஒன்றைப் பார்ப்போம். கே3எஸ் என்பது குபர்நெட்டிஸின் சுருக்கப் பதிப்பு. ராஞ்சர் லேப்ஸ் நிறுவனம் 2019-ல் அறிமுகப்படுத்தியது. 100 எம்பிக்கும் குறைவான ஒரே கோப்பாக வருவதால் ஆலைத் தளத்தில் வைக்கும் சிறு கணினிகளுக்குப் பொருந்துகிறது. நிறுவியவுடன் வேலை நடக்க வேண்டும் என்பதற்காக, லோக்கல்-பாத் என்ற ஒதுக்குபவரையும் சேர்த்தே தருகிறார்கள். இயல்பு வகையும் அதுதான். அது செய்வது மிக எளிய வேலை: சீட்டு வந்ததும், பாட் எந்தக் கணுவில் ஓடப்போகிறது என்று பார்த்து, அந்தக் கணுவின் சொந்த வட்டில் ஒரு கோப்புறையை உண்டாக்கி, ‘இதுதான் உன் இடம்’ என்று பதிவேட்டில் எழுதிவிடும்.

எளிமைதான் அதன் பலம், பலவீனமும் அதுவே. கோப்புறை அந்த ஒரு கணுவில் மட்டுமே இருக்கிறது. கணு எரிந்துபோனால் தரவும் போயிற்று. கணு சற்று நேரம் அணைந்தால்கூட, அந்தப் பாட் வேறு எங்கும் போய் எழ முடியாமல் காத்துக் கிடக்கும். அதனால் பல கணுக்களில் பிரதி வைக்கும் லாங்ஹார்ன், ஓபன்இபிஎஸ் போன்றவற்றுக்கு மாறும்போது, பழைய லோக்கல்-பாத்தை நிறுத்திவிட விரும்புகிறார்கள். நியாயமான விருப்பம். இரண்டும் இருந்தால், வகை எழுதாத சீட்டுகள் கேட்பாரற்றுப் பழைய இடத்துக்கே போய்ச் சேரும். பிரதி எடுக்கப்படுகிறது என்று நம்பிக்கொண்டிருக்கும் தரவு ஒற்றை வட்டில் உட்கார்ந்திருக்கும். அந்த நம்பிக்கை உடையும் நாள் மோசமான நாளாக இருக்கும்.

சரி, நிறுத்தினால் என்ன நடக்கிறது? கே3எஸ் அமைப்புக் கோப்பில், நிறுத்த வேண்டியவற்றின் பட்டியலில் இதற்குரிய பெயரைச் சேர்த்துச் சேவையை மறுதொடக்கம் செய்தால், ஒதுக்கும் நிரலும் அந்தச் சேமிப்பு வகையும் கொத்திலிருந்து நீக்கப்படும். ஏற்கெனவே ஒதுக்கிய இடங்கள் அப்படியே இருக்கும். அவற்றில் ஓடும் பாட்கள் தொடர்ந்து ஓடும். இன்னும் முக்கியமாக, அந்தப் பாட்கள் செத்து மறுபடி எழுந்தாலும் பழைய இடம் திறக்கும். லோக்கல்-பாத் வெறும் ஒதுக்குபவர் என்பதே இதற்குக் காரணம். பதிவேட்டில் அது எழுதிவைப்பது ‘இந்தக் கணுவின் இந்தக் கோப்புறை’ என்பதை மட்டும். அதைத் திறக்கும் திறமை குபெலெட்டிடம் பிறவியிலேயே இருக்கிறது. சீட்டு எழுதுபவர் போனபின்னும் சாவி காவல்காரரிடம்தான்.

இதைத் தெரிந்துகொண்டு, எந்த இயக்கியை நிறுத்தினாலும் இப்படித்தான் இருக்கும் என்று முடிவு கட்டினால் பெரும் தவறாகிவிடும். அதற்குச் சாட்சியாக ஒரு வரலாறு இருக்கிறது. நம் எல்லைக்கு அடுத்த பெங்களூருவோடும், சிதம்பரத்தோடும் தொடர்புடையது.

சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்த ஆனந்த் பாபு பெரியசாமி அமெரிக்காவில் லாரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வகத்துக்காகத் தண்டர் என்ற மீத்திறன் கணினியை உருவாக்கும் பணியில் இருந்தவர். 2004 ஜூனில் வெளியான உலகத் தரவரிசையில் அது இரண்டாம் இடம் பிடித்தது. 2005-ல் அவர் பங்கேற்றுத் தொடங்கிய நிறுவனம் குளஸ்டர். பெங்களூருவிலும் அதன் பொறியாளர்கள் இருந்தார்கள். பல கணினிகளின் சாதாரண வட்டுகளைச் சேர்த்து ஒரே பெரிய சேமிப்பிடமாகக் காட்டும் திறமூல மென்பொருளை அவர்கள் எழுதினார்கள். எந்தக் கோப்பு எங்கே என்று குறித்துவைக்கும் மையப் பட்டியலே அதில் கிடையாது. கோப்பின் பெயரைக் கணக்கிட்டே அது எந்த வட்டில் இருக்கும் என்று கண்டுபிடித்துவிடும். மையம் இல்லாததால் மையம் பழுதாகும் பயமும் இல்லை. இன்றைக்கும் நான் வியக்கிற யோசனை இது. 2011 அக்டோபரில் ரெட் ஹேட் இந்த நிறுவனத்தைச் சுமார் 13.6 கோடி டாலருக்கு வாங்கியது.

குபர்நெட்டிஸின் தொடக்க ஆண்டுகளில், குளஸ்டரைத் திறக்கும் நிரலும் அமேசான், கூகுள், மைக்ரோசாஃப்ட் வட்டுகளைத் திறக்கும் நிரல்களும் குபர்நெட்டிஸின் மூல நிரலுக்குள்ளேயே எழுதப்பட்டன. உள்ளமைந்த இயக்கி என்பது இதுதான். நாளடைவில் இது சுமையானது. ஒரு சேமிப்பு நிறுவனம் தன் இயக்கியில் சிறு பிழையைத் திருத்த வேண்டுமென்றால்கூட குபர்நெட்டிஸின் அடுத்த வெளியீடு வரை காத்திருக்க வேண்டும். யாரோ ஒருவரின் இயக்கியில் உள்ள பிழை, அந்த இயக்கியைப் பயன்படுத்தாதவரின் குபெலெட்டையும் கவிழ்க்கக்கூடும். எனவே இயக்கிகளை வெளியே எடுத்து, எல்லாரும் ஒரே வரைமுறையில் பேசட்டும் என்று சிஎஸ்ஐ என்ற பொது இடைமுகம் வகுத்தார்கள். 2018 டிசம்பரில் வந்த 1.13 பதிப்பில் அது நிலைபெற்றது.

அடுத்து உள்ளே இருந்தவற்றை ஒவ்வொன்றாக அகற்ற வேண்டும். உலகெங்கும் லட்சக்கணக்கான ஒதுக்கீட்டுப் பதிவுகள் பழைய இயக்கிகளின் பெயரில் எழுதப்பட்டிருந்தன. அவற்றைத் திருத்தி எழுதச் சொல்ல முடியாது. அதனால் ஓர் அழகான ஏற்பாடு செய்தார்கள்: பதிவேட்டைத் தொடாமல், பழைய பெயரில் வரும் கட்டளையை ஓடும்போதே புதிய இயக்கியின் மொழிக்கு மாற்றித் தரும் அடுக்கு ஒன்றை நடுவில் வைத்தார்கள். அது பல பதிப்புகள் நன்றாக ஓடி நிரூபணமான பிறகே உள்ளிருந்த நிரலை நீக்கினார்கள். அமேசான் வட்டு இயக்கி 2023 ஏப்ரலில் 1.27 பதிப்போடு விடைபெற்றது. மாற்று ஓட்டுநர் ஏறி அமர்ந்த பின்பே பழையவர் இறங்கினார்.

குளஸ்டருக்கு அந்த மாற்று அமையவில்லை. அதற்கான சிஎஸ்ஐ இயக்கி முதிர்ச்சி அடையவில்லை. இடம் ஒதுக்கித் தந்துகொண்டிருந்த ஹெக்கெட்டி என்ற துணை நிரலும் பராமரிப்புக் குன்றிப்போனது. 2022 ஆகஸ்டில் வந்த 1.25 பதிப்பில் ‘இது நீக்கப்படவிருக்கிறது’ என்று அறிவித்தார்கள். அந்த டிசம்பரில் வந்த 1.26-ல் நீக்கிவிட்டார்கள். நடுவே இருந்தது நான்கு மாதம்.

இங்கே போனது திறப்பவரின் திறமை. குளஸ்டர் வட்டுகளில் தரவு பத்திரமாக இருந்தது. பதிவேட்டிலும் எழுத்து மாறவில்லை. ஆனால் புதிய பதிப்பின் குபெலெட் அந்தப் பதிவைப் படித்துவிட்டு, பொருத்தமான இயக்கி இல்லை என்று கையை விரிக்கும். இதைவிடத் தந்திரமான விஷயம் ஒன்று உண்டு. கொத்தின் கணுக்களை ஒரே நாளில் புதுப்பிப்பதில்லை, ஒவ்வொன்றாகத்தான் செய்வார்கள். முதல் கணு மாறியபின், மற்றவற்றில் ஏற்கெனவே இடம் திறந்து ஓடிக்கொண்டிருக்கும் பாட்கள் எந்தக் குறையும் காட்டாது. திரையில் எல்லாம் பச்சையாக இருக்கும். ஏதோ ஒரு பாட் செத்து, புதிய கணுவில் எழ முயலும்போதுதான் கதவு திறக்காது.

ஓடிக்கொண்டிருக்கும் பாட் எதற்கும் சாட்சி ஆகாது என்பது இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம். திறந்த கதவு திறந்தபடியே இருக்கும். சாவி இருக்கிறதா என்பது, மூடிவிட்டு மறுபடி திறக்கும்போதுதான் தெரியும்.

அப்படியானால் நிறுத்துவது பாதுகாப்பானது என்று எப்படித்தான் அறிவது? வேறொரு சோதனைக் கொத்தில் இதைச் செய்து பார்ப்பதே நேர்மையான வழி. சிறிய இடம் ஒன்றைக் கோரி, அதில் ஒரு கோப்பை எழுதி, அதன் சரிபார்ப்பு எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். கோப்பின் ஒரு எழுத்து மாறினாலும் மாறிவிடும் எண் அது. பிறகு இயக்கியை நிறுத்தி, பாட்டைக் கொன்று எழுப்பி, கணுவையே அணைத்து ஏற்றி, மீண்டும் எண்ணைக் கணக்கிட வேண்டும். இரண்டும் ஒத்தால்தான், திறப்பவர் வேறு ஆள் என்பது நமக்கு உறுதியாகும். ஆவணத்தில் படித்தது போதாது. பதிப்புக்குப் பதிப்பு நடத்தை மாறும்.

அடுத்து, யாரெல்லாம் இன்னும் பழைய வகையைச் சார்ந்திருக்கிறார்கள் என்ற கணக்கு. இதில் பலர் சறுக்குவது, வகைப் பெயரை மட்டும் வைத்துத் தேடுவதால். ஒவ்வொரு ஒதுக்கீட்டுப் பதிவிலும், தன்னை உண்டாக்கிய ஒதுக்குபவர் யார் என்ற குறிப்பு இருக்கும். தேட வேண்டியது அதைத்தான். அதுவும் இன்றுள்ள சீட்டுகளை மட்டுமே காட்டும். நாளை வரப்போகும் சீட்டு எங்கும் பதிவாகியிருக்காது. தரவுத்தளம் ஒன்றை இரண்டு பிரதியிலிருந்து மூன்றாக உயர்த்தும்போது மூன்றாவது சீட்டு புதிதாகப் பிறக்கும், பழைய வகையின் பெயரைத் தாங்கி. மாதக் கடைசியில் ஒருமுறை ஓடும் கணக்குப் பணியும் அப்படியே. இவற்றுக்கான வார்ப்புருக்களைத் தனியாகத் தேடிப் படிக்க வேண்டும்.

அதனால் முதல் படியாக இயக்கியை நீக்காமல், அதன் ‘இயல்பு’ என்ற தகுதியை மட்டும் எடுத்துவிட்டு, புதிய வகைக்கு அந்தத் தகுதியைத் தருவதே நல்லது. இதிலும் கே3எஸ் ஒரு பொறி வைத்திருக்கிறது. தன்னோடு வந்த உறுப்புகளின் வரையறையைத் தன் கோப்புறையில் வைத்துக்கொண்டு, மறுதொடக்கத்தின்போது அதையே மறுபடி பூசும். கையால் மாற்றிய தகுதியும், கையால் அழித்த நிரலும் ஒரு மின்தடைக்குப் பின் பழையபடி எழுந்து நிற்கும். ஆகவே கைமாற்றத்தைத் தற்காலிகமாகவே கருத வேண்டும். தொழிலின் முழுச் சுற்று ஒன்று, மாதக் கணக்கு முடிப்பு உட்பட, அப்படி ஓடட்டும். பழைய வகைக்குப் புதிய சீட்டு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வராமல் போனால்தான் நிரந்தர நிறுத்தத்துக்குப் போகலாம்.

இனி நான் மிகவும் அஞ்சுகிற இடம். ஒவ்வொரு ஒதுக்கீட்டிலும் மீட்பு விதி ஒன்று எழுதப்பட்டிருக்கும்: சீட்டைத் திருப்பித் தந்தால் இடத்தை என்ன செய்வது? லோக்கல்-பாத்தின் வழக்கமான விதி ‘அழி’. சீட்டை நீக்கியதும், அது ஒரு துணைப் பாட்டை அனுப்பிக் கோப்புறையைத் துடைத்துவிடும். புதிய இடத்துக்குத் தரவை மாற்றும் பரபரப்பில், நகல் சரியாக வந்ததா என்று பார்க்கும் முன்பே பழைய சீட்டை யாராவது நீக்கினால் திரும்ப வழியில்லை. எனவே எதையும் தொடும் முன், ஒவ்வொரு ஒதுக்கீட்டின் விதியையும் ‘வைத்திரு’ என்று மாற்ற வேண்டும். சேமிப்பு வகையில் மாற்றினால் போதும் என்று நினைக்கலாம். உண்டாக்கிய பின் வகையின் மீட்பு விதியைத் திருத்தவே முடியாது. புதிய வகை உண்டாக்கினாலும் ஏற்கெனவே பிறந்த ஒதுக்கீடுகளைத் தொடாது. ஒவ்வொரு பிவியிலும் தனித்தனியாகத்தான் மாற்ற வேண்டும். சலிப்பூட்டும் வேலைதான். தரவு பிழைப்பது இந்தச் சலிப்பான வேலையால்தான்.

அதன்பின் நகல் எடுப்பது. எழுதும் நிரலை நிறுத்திவிட்டு எடுத்த நகலையே நம்பலாம். ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தின் கோப்புகளை அப்படியே நகலெடுத்தால், பாதி எழுதிய பக்கங்களும் கூடவே வரும். சரிபார்ப்பு எண்களை ஒப்பிட்ட பின், புதிய இடத்திலிருந்து நிரலை எழுப்பிப் பார்க்க வேண்டும். இவை முடிந்த பிறகே அமைப்புக் கோப்பில் நிறுத்தம் எழுதுவது வருகிறது. கொத்தைக் கட்டுப்படுத்தும் கணுக்கள் மூன்று என்றால் மூன்றிலும் ஒரே மாதிரி எழுத வேண்டும். ஒன்றில் விட்டுப்போனால், ஒன்று நீக்க இன்னொன்று நிறுவும்.

குளஸ்டர் போலத் திறப்பவரே போகும் நிலையில் வரிசை இன்னும் கண்டிப்பானது. கணுவைப் புதுப்பிக்கும் முன்பே தரவு வேறு இடத்துக்குப் போய்விட வேண்டும், அல்லது திறக்க வேறு வழி தயாராக இருக்க வேண்டும். இயக்கு தளத்தின் வழியாகக் குளஸ்டர் சேமிப்பை ஒவ்வொரு கணுவிலும் இணைத்துவைத்து, அதைச் சாதாரணக் கோப்புறையாகக் குபர்நெட்டிஸுக்குக் காட்டுவது அத்தகைய ஒரு வழி. ரெட் ஹேட் தன் குளஸ்டர் விற்பனைப் பதிப்புக்கான ஆதரவை 2024 டிசம்பர் 31-ல் முடித்துக்கொண்டது. பிரதி முறையில் அமைத்த குளஸ்டர் வட்டுகளில் கோப்புகள் துண்டாகாமல் முழுக் கோப்பாகவே கிடக்கும் என்பதால், மென்பொருளே இல்லாத நிலையிலும் அவற்றைப் படித்து மீட்க முடிகிறது. அதை வடிவமைத்தவர்கள் செய்த நன்மை இது.

நிறுத்தியபின் மிச்சமிருக்கும் வேலை கூட்டிப் பெருக்குவது. லோக்கல்-பாத் இருந்தவரை துடைப்பதும் அதன் பொறுப்பாக இருந்தது. இப்போது பழைய சீட்டுகளை நீக்கினால் ஒதுக்கீடு ‘விடுவிக்கப்பட்டது’ என்ற நிலையில் நிற்கும். கோப்புறை வட்டில் அப்படியே கிடக்கும். சில மாதங்களில் வட்டு நிரம்பி, கணு பாட்களை வெளியேற்றத் தொடங்கும்போது காரணம் புரியாது. அந்தக் கோப்புறைகளின் பெயரிலேயே ஒதுக்கீட்டின் அடையாளம், அது சேர்ந்த பெயர்வெளி, சீட்டின் பெயர் மூன்றும் இருக்கின்றன. ஒவ்வொரு கணுவிலும் அந்தப் பட்டியலை எடுத்துப் பதிவேட்டோடு ஒப்பிட்டு, புதிய இடத்தின் காப்பு நகலிலிருந்து ஒருமுறையாவது மீட்டுப் பார்த்த பிறகு, கையாலேயே ஒவ்வொன்றாக நீக்க வேண்டியதுதான்.